எந்தக் குறையோடு குடிவைப்பது?

வீட்டை வாடகைக்கு விடுகிறவர்கள் இரண்டு பேர் சந்தித்துக்கொண்டால், பேச்சு தங்களிடம் வந்து சேர்ந்த மோசமான குடித்தனக்காரரைப் பற்றித்தான் போகும். மாதம் தவறாமல் வாடகை கொடுத்து, சுவரில் ஓர் ஆணி அடிப்பதற்குக்கூட ஒரு வார்த்தை கேட்டு, சொன்ன தேதியில் சாவியைக் கையில் கொடுத்துவிட்டுப் போனவரைப் பற்றிச் சொல்வதற்குக் கதை எதுவும் இருப்பதில்லை. காதில் விழும் கதைகள் எல்லாம் ஒரே பக்கமாக இருப்பதால், முதன்முறை வீடு விடுகிறவர் மனத்தில் இரண்டு எண்ணங்கள் படிந்துவிடுகின்றன: வந்து கேட்கிறவர்களில் பெரும்பாலோர் ஏமாற்றத்தான் வருகிறார்கள் என்பது ஒன்று, அவர்களுக்கு நடுவே எங்கோ ஒரு குறையற்ற மனிதர் இருக்கிறார், பொறுமையாகக் காத்திருந்தால் அவர் வந்து கதவைத் தட்டுவார் என்பது இன்னொன்று. என் அனுபவத்தில் இரண்டுமே தவறு. வருகிறவர்களில் பெரும்பாலோர் வாடகையைக் கொடுத்துவிட வேண்டும் என்றுதான் வருகிறார்கள். ஆனால் ஒவ்வொருவரிடமும் ஏதோ ஒன்று இடிக்கும். ஆகவே வீட்டுக்காரர் முடிவு செய்ய வேண்டியதெல்லாம், எந்தக் குறையோடு ஒருவரைக் குடிவைக்கலாம், எந்தக் குறையோடு வைக்க முடியாது என்பதைத்தான்.

என்னிடம் வாடகைக்கு விட இருப்பது ஒரே ஒரு வீடு. அதன் வாடகையிலிருந்துதான் அந்த வீட்டின் கடன் தவணையும் போகிறது. நூறு வீடுகளை நிர்வகிக்கும் நிறுவனத்துக்கு ஒருவர் வாடகை தராமல் நிறுத்திக்கொண்டால் அது ஆண்டுக் கணக்கில் ஒரு வரி. எனக்கு அதுவே முழுக் கணக்கு. இதை முன்கூட்டியே சொல்லிவிடுவதற்குக் காரணம், குடித்தனக்காரரைத் தேர்வு செய்வதைப் பற்றி எழுதப்படும் அறிவுரைகளில் பல, சராசரியை நம்பித் தொழில் நடத்துகிறவர்களிடமிருந்து வருகின்றன என்பதுதான். ஒற்றை வீட்டுக்காரருக்குச் சராசரி என்று ஒன்று கிடையாது.

சென்ற முறை வீடு காலியானபோது கடைசியில் மூவர் மிஞ்சினார்கள். முதலாமவர் பெரிய நிறுவனமொன்றில் நல்ல சம்பளத்தில் இருப்பவர். தாள்கள் எல்லாம் சுத்தமாக இருந்தன. ஆனால் எந்த வீட்டிலும் ஓராண்டுக்கு மேல் தங்கியதில்லை, ஏன் என்று கேட்டால் ஒவ்வொரு வீட்டுக்காரரைப் பற்றியும் ஒரு புகார் கைவசம் வைத்திருந்தார். இரண்டாமவர் கட்டட வரைபடங்களை வேலைக்கு இவ்வளவு என்று பேசி வரைந்து கொடுக்கும் பெண்மணி. பள்ளிக்குப் போகும் மகன் ஒருவன். ஒரு மாதம் பணம் கொட்டும், அடுத்த மாதம் காய்ந்து கிடக்கும். மூன்றாமவர் என்னைவிட வயதில் மூத்தவர், நிரந்தர வேலையும் நடுத்தரச் சம்பளமும் உள்ளவர்; சில ஆண்டுகளுக்கு முன் ஒரு வங்கிக் கடனைக் கட்ட முடியாமல் போனது அவருடைய கடன் வரலாற்றில் பதிந்திருந்தது. அதை நான் கேட்பதற்கு முன்பே அவரே சொல்லிவிட்டார்.

ஆட்களைப் பற்றிப் பேசுவதற்கு முன், பூட்டிக் கிடக்கும் வீட்டின் கணக்கைப் போட்டுவிட வேண்டும். பேராசை, பயம் இரண்டுமே இந்தக் கணக்கைப் போடாத இடத்தில்தான் வளர்கின்றன. ஒரு மாதம் வீடு காலியாக இருந்தால் ஆண்டு வாடகையில் 8.3 சதவீதம் போய்விடுகிறது. ஐந்து சதவீதம் கூடுதலாகத் தருகிற ஒருவர் வருவார் என்று ஒரு மாதம் காத்திருந்து, அவர் வந்தும்விட்டார் என்றால்கூட, இழந்த அந்த ஒரு மாத வாடகையைத் திரும்ப எடுக்க அவர் 20 மாதம் குடியிருக்க வேண்டும். இது ஆசையின் கணக்கு. பயத்தின் கணக்கு இப்படிப் போகும்: வாடகை நின்று, பேசிப் பார்த்து, நோட்டீஸ் அனுப்பி, சட்டப்படி காலி செய்யவைத்து, பழுதுபார்த்து மறுபடி விடுவதற்குள், முன்பணத்தைக் கழித்தது போக எட்டு மாத வாடகை நஷ்டம் என்று வைத்துக்கொள்வோம். எதிரில் இருப்பவர் அப்படிப்பட்டவராக மாறுவதற்கான வாய்ப்பு, அடுத்த மாதம் வரக்கூடிய யாரோ ஒருவருக்கு இருக்கும் வாய்ப்பைவிட எட்டில் ஒரு பங்குக்கு மேல் கூடுதலாக இருந்தால்தான் இவரை அனுப்பிவிட்டுக் காத்திருப்பதில் லாபம். எட்டில் ஒரு பங்கு என்பது சாதாரண வித்தியாசம் இல்லை. ‘என்னவோ, மனசுக்குச் சரியாகப் படவில்லை’ என்று ஒருவரைத் தள்ளிவிடும்போது, நமக்குத் தெரியாமலேயே அவ்வளவு பெரிய கணிப்பு ஒன்றைச் செய்கிறோம்.

இனி வருமானம். வாடகை வருமானத்தில் 30 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்று எல்லோரும் சொல்கிறார்கள். அந்த எண் எங்கிருந்து பிரபலமானது என்று தேடியபோது எனக்கு வேடிக்கையாக இருந்தது. அமெரிக்காவில் 1969ஆம் ஆண்டின் ப்ரூக் திருத்தம், அரசு வீடுகளில் குடியிருக்கும் ஏழைகளிடம் அவர்கள் வருமானத்தில் 25 சதவீதத்துக்கு மேல் வாடகை வாங்கக் கூடாது என்று வரம்பு கட்டியது. 1981இல் அந்த வரம்பு 30 சதவீதமாக உயர்ந்தது. ஏழையிடம் அதற்கு மேல் வாங்காதே என்று அரசு தனக்குத்தானே போட்டுக்கொண்ட வேலி, இன்று அதற்கு மேல் கொடுக்க வேண்டியிருக்கும் ஏழைக்கு வீடே தராதே என்பதற்கான அளவுகோலாகப் பயன்படுகிறது. அது போகட்டும். நடைமுறையிலும் சதவீதம் ஏமாற்றும். முதலாமவருக்கு என் வாடகை சம்பளத்தில் கால் பங்குகூட வராது. ஆனால் கார் கடன், இரண்டு அட்டைகளுக்கான தவணை, இன்னொரு தனிநபர் கடன் எல்லாம் போக அவர் கையில் நின்றது, வாடகைக்கே சம்பளத்தில் ஐந்தில் இரண்டு பங்கு கொடுக்க வேண்டியிருந்த மூன்றாமவர் கையில் நின்றதைவிடக் குறைவாக இருந்தது. வாடகைக்கும் தவணைகளுக்கும் பிறகு ஒரு குடும்பம் மாதத்தை ஓட்ட என்ன மிஞ்சுகிறது என்பதே எனக்குத் தெரிய வேண்டியது.

சம்பளச் சீட்டைவிட வங்கிக் கணக்கு அறிக்கை அதிகம் பேசும். ஆறு மாத அறிக்கையைக் கையில் வாங்கியதும் பலர் வரவைப் பார்ப்பார்கள். நான் சம்பளம் வருவதற்கு முந்தைய இரண்டு நாட்களின் இருப்பைப் பார்ப்பேன். ஒவ்வொரு மாதமும் அந்த இடத்தில் கணக்கு அடிமட்டத்தைத் தொட்டிருந்தால், அந்த வீட்டில் ஒரு காய்ச்சல் வந்தால்கூட முதலில் தள்ளிப்போவது வாடகையாகத்தான் இருக்கும். முதலாமவரின் அறிக்கையில் அதுவும் இருந்தது, பணமில்லாமல் தவணை திரும்பியதற்கான அபராதம் இரண்டு இடத்தில் பிடிக்கப்பட்டதும் இருந்தது. மூன்றாமவர் வாடகையை ரொக்கமாகக் கொடுத்து வந்தவர்; பழைய வீட்டுக்காரர் கையெழுத்திட்ட ஒரு சின்ன நோட்டைக் கொண்டுவந்து காட்டினார், நடுவில் சில மாதங்களுக்குக் கையெழுத்து இல்லை, கொடுத்தேன், அவர் போட மறந்துவிட்டார் என்றார். இருக்கலாம். படம் வரையும் பெண்மணியின் அறிக்கைதான் என்னை நிறுத்திவைத்துப் படிக்கவைத்தது. வரவு மேடும் பள்ளமுமாக இருந்தது, இரண்டு மாதங்களில் ஏறக்குறைய எதுவுமே வரவில்லை. ஆனாலும் அந்த மாதங்களிலும் மூன்றாம் தேதி வாடகை போயிருந்தது. எப்படி என்று கேட்டேன். பில் பணம் ஒவ்வொன்று வரும்போதும் அதில் ஒரு பகுதியை இன்னொரு கணக்குக்கு மாற்றிவிடுவதாகவும், வாடகை எப்போதும் அந்தக் கணக்கிலிருந்துதான் போகும் என்றும் சொல்லி, அந்த இரண்டாவது கணக்கையும் திறந்து காட்டினார். மூன்று மாத வாடகைக்குச் சமமான தொகை அதில் இருந்தது. நிரந்தரச் சம்பளக்காரர்கள் எத்தனை பேரிடம் அப்படி ஒரு கணக்கு இருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

பழைய வீட்டுக்காரரிடம் விசாரிப்பது பற்றி ஒன்று சொல்ல வேண்டும். இப்போது எந்த வீட்டில் இருக்கிறாரோ அந்த வீட்டுக்காரரின் வாக்குமூலத்துக்கு நான் பெரிய மதிப்புக் கொடுப்பதில்லை. தொல்லை பிடித்தவர் எப்படியாவது கிளம்பினால் போதும் என்று இருக்கிறவர், அவரை வாயாரப் புகழத்தான் செய்வார். நல்ல குடித்தனக்காரரை விட மனமில்லாதவர் முனகுவார். அதற்கு முந்தைய வீட்டுக்காரருக்கு லாபமும் இல்லை, நஷ்டமும் இல்லை. அவரிடம்தான் பேச வேண்டும். பேசும்போது ‘ஆள் எப்படி?’ என்று கேட்டால் ‘நல்ல மனுஷர்தான்’ என்று பதில் வரும், அதில் ஒன்றும் இல்லை. எத்தனை வருடம் இருந்தார், வாடகை எத்தனை தடவை தள்ளிப்போனது, தள்ளிப்போகும்போது அவராகச் சொன்னாரா நீங்கள் கேட்ட பிறகு சொன்னாரா, முன்பணத்தில் ஏதாவது பிடித்தீர்களா என்று நடந்ததை மட்டும் கேட்க வேண்டும். எடுத்த எடுப்பில் வீட்டைப் பற்றி ஒரு தவறான விவரத்தைச் சொல்லிப் பார்ப்பதும் உண்டு: மாடி வீடுதானே என்று தரைத்தள வீட்டைப் பற்றிக் கேட்டால், உண்மையான வீட்டுக்காரர் உடனே திருத்துவார், வீட்டுக்காரர் வேடம் போடச் சொல்லி ஏற்பாடு செய்த நண்பர் ஆமாம் என்பார். கடைசியாக ஒரே கேள்வி: மறுபடியும் அவருக்கே வீடு கொடுப்பீர்களா? பெண்மணியின் பழைய வீட்டுக்காரர், நான் கேட்டு முடிப்பதற்குள் கொடுப்பேன் என்றார். பையன் மாடிப்படியில் பந்து உதைப்பதை மட்டும் பொறுத்துக்கொள்ள வேண்டும் என்றும் சேர்த்துக்கொண்டார். முதலாமவரின் பழைய வீட்டுக்காரர் சற்று நேரம் பேசாமல் இருந்துவிட்டு, இப்போது என் வீட்டில் என் மகன் இருக்கிறான், அதனால் அந்தக் கேள்விக்கு இடமில்லை என்றார். எனக்கு வேண்டிய பதில் அதிலேயே கிடைத்துவிட்டது.

அந்த முதலாமவர் இன்னொன்றும் செய்தார். இன்றைக்கே முடித்துக்கொடுத்தால் நான் கேட்டதைவிடக் கூடுதல் வாடகை தருவதாகவும், ஆறு மாதத்துக்கு உரியதை முன்னதாகவே தந்துவிடுவதாகவும் சொன்னார். கடன் சுமையோடு இருப்பவருக்கு அந்தப் பணம் எங்கிருந்து வரும் என்பது ஒரு பக்கம் இருக்க, இந்த இடத்தில் வங்கிகளைப் பற்றிய ஒரு பழைய ஆராய்ச்சி உதவுகிறது. ஜோசஃப் ஸ்டிக்லிட்ஸ், ஆண்ட்ரூ வைஸ் என்ற இரு பொருளியலாளர்கள் 1981இல் ஒன்றை விளக்கிக் காட்டினார்கள்: வங்கி வட்டியை ஏற்றிக்கொண்டே போனால், கட்டாயம் திருப்பிக் கட்டிவிட வேண்டும் என்று நினைக்கிறவர்கள் ஒவ்வொருவராக விலகுவார்கள், எவ்வளவு வட்டி என்றாலும் சரி என்கிறவர்கள்தான் மிஞ்சுவார்கள், அவர்களில் பலர் திருப்பிக் கட்டும் எண்ணத்தையோ வாய்ப்பையோ பெரிதாக எடைபோடாதவர்கள், அதனால் வட்டியை ஏற்றியும் வங்கிக்கு வருமானம் குறையலாம். வாடகையும் அப்படித்தான். பேரம் பேசுகிறவர் எரிச்சலூட்டுவார், உண்மைதான். ஆனால் அவர் ஒவ்வொரு மாதமும் கொடுக்கப்போகும் தொகையைப் பற்றி யோசிக்கிறார். ஒரு வார்த்தையும் பேசாமல், வீட்டின் குழாயைக்கூடத் திருப்பிப் பார்க்காமல், கேட்டதற்கு மேல் தருகிறேன் என்கிறவரிடம் எனக்குச் சந்தேகம் வருகிறது. அவசரத்துக்கு நியாயமான காரணம் இருக்கக்கூடும். அதைச் சொல்லும்படி கேட்கிறேன், சொன்னதைச் சரிபார்க்கிறேன்.

இவ்வளவையும் மனத்தில் வைத்துக்கொண்டு நேரில் பேச உட்கார்ந்தால், இரண்டு நிமிடத்தில் முகம் எல்லாவற்றையும் விழுங்கிவிடும். இனிக்கப் பேசுகிறவரின் தாள்களில் இருக்கும் ஓட்டை சிறியதாகத் தெரியும், தயங்கிப் பேசுகிறவரின் சுத்தமான கணக்குகூட எதையோ மறைப்பதுபோலத் தோன்றும். 1950களின் நடுவில், இருபதைத் தாண்டிய இளைஞராக இருந்த உளவியலாளர் டேனியல் கானமன், இஸ்ரேலிய இராணுவத்தில் வீரர்களைத் தேர்வு செய்யும் நேர்காணலை மாற்றியமைத்தபோது செய்தது எளிய ஒன்றுதான். ஆளைப் பற்றி மொத்தமாக ஓர் அபிப்பிராயம் சொல்வதை நிறுத்திவிட்டு, ஆறு தன்மைகளை ஒன்றன்பின் ஒன்றாக எடுத்து, ஒவ்வொன்றுக்கும் அவர் வாழ்க்கையில் நடந்ததைக் கேட்டு, அடுத்ததற்குப் போகும் முன் மதிப்பெண் போட்டுவிடச் சொன்னார். நேர்காணல் செய்தவர்கள் தங்களை இயந்திரமாக்குகிறார் என்று கோபித்துக்கொண்டார்கள். முழுவதும் முடிந்த பிறகு கண்ணை மூடிக்கொண்டு உங்கள் உள்ளுணர்வுக்கும் ஒரு மதிப்பெண் கொடுங்கள் என்று அவர்களைச் சமாதானப்படுத்தினார். விளைவு பழைய முறையைவிட மேலாக இருந்தது. கடைசியில் போட்ட உள்ளுணர்வு மதிப்பெண்ணும், வரிசையாக விசாரித்த பிறகு வந்ததால், பயனுள்ளதாகவே இருந்தது. நான் வைத்திருப்பது ஐந்து: மிஞ்சும் பணம், இதுவரை வாடகை கொடுத்த விதம், எவ்வளவு காலம் இருக்கப் போகிறார், வீட்டைப் பயன்படுத்தும் விதம், சொன்னதும் தாளும் ஒத்துப்போகின்றனவா. விளம்பரம் கொடுப்பதற்கு முன்பே எழுதி வைத்துவிடுகிறேன், ஏனென்றால் ஆளைப் பார்த்த பிறகு எழுதினால் அந்த ஆளுக்கேற்ற மாதிரி விதி வளையும்.

அந்தத் தாளில் இல்லாதவற்றையும் சொல்ல வேண்டும். பிறப்பு, மதம், மொழி, தனியாக இருக்கிறாரா, கணவர் எங்கே என்பதெல்லாம் அதில் கிடையாது. இவற்றில் பலவற்றை வைத்து வீடு மறுப்பதைப் பல நாடுகளில் சட்டமே தடுக்கிறது. சட்டத்தை ஒதுக்கி வைத்துவிட்டுப் பார்த்தாலும், மூன்றாம் தேதி வாடகை வருமா என்ற கேள்விக்கு இவற்றில் எதுவும் பதில் சொல்வதில்லை. தெரிந்தவர் நம்மவர் என்ற நிம்மதியில் விசாரிக்காமல் விட்டு, பிறகு அதே நெருக்கத்தால் வாடகை கேட்கவும் கூச்சப்பட்டவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

இனித் தேர்வு. குறைகளில் ஒரு வகை, வேறொன்றைக் கொண்டு ஈடுகட்டக்கூடியது. வருமானம் ஏறி இறங்குகிறது என்றால் சேமிப்போ பிணையோ அதைத் தாங்கும். சம்பளம் பத்தாம் தேதிதான் வரும் என்றால் வாடகைத் தேதியைப் பன்னிரண்டாக்கிவிடலாம். வீட்டு வாடகை வரலாறே இல்லாத இளம் தம்பதி என்றால் பெற்றோர் ஒருவர் ஜாமீன் கையெழுத்துப் போடலாம். பந்து உதைக்கும் பையனை மாடிப்படியிலிருந்து கீழே இறக்கிவிடலாம். பழைய கடன் தவறியதில்கூட, எதனால் தவறியது, அதன் பிறகு என்ன நடந்தது என்ற இரண்டும் தெரிந்தால் அதைக் கடந்து பார்க்க முடியும். இன்னொரு வகைக் குறைக்கு ஒப்பந்தத்தில் எந்த வரியைச் சேர்த்தாலும் பலனில்லை. தாளைத் திருத்துவது அதில் ஒன்று. எல்லாத் தகராறிலும் தவறு எதிராளி மேலேயே என்று சொல்கிற பழக்கம் இன்னொன்று: அவர் சொன்ன ஏதாவது ஒரு வீட்டுக்காரர் உண்மையிலேயே மோசமாக இருந்திருக்கலாம், வரிசையாக எல்லோருமே அப்படி என்றால் அந்த வரிசையில் அடுத்த பெயர் என்னுடையதாகத்தான் இருக்கும். முதலாமவரை அதனால் விட்டேன், சம்பளம் மூவரிலும் அவருக்கே அதிகம் என்றபோதும்.

மற்ற இருவரில் யார் மேல் என்று நான் மிகவும் குழம்பவில்லை. எல்லாவற்றிலும் சிறந்ததைத் தேடாமல், முன்கூட்டியே வைத்த தகுதியைத் தாண்டிய முதலாவதை எடுத்துக்கொள்வது என்ற முறையைப் பொருளியலாளர் ஹெர்பர்ட் சைமன் 1950களிலேயே விவரித்துவிட்டார். வாடகை வீட்டுக்கு அதைவிடப் பொருத்தமான முறை எனக்குத் தெரியவில்லை. யாருக்கும் வாய்ப்பு மறுக்கப்பட்டது என்ற பேச்சும் அதில் குறைகிறது. பெண்மணி என் ஐந்து வரிகளையும் தாண்டியிருந்தார், மூன்றாமவருக்குக் கையெழுத்தில்லாத மாதங்களைப் பற்றிய விசாரணை இன்னும் முடியவில்லை, அவருடைய பழைய வீட்டுக்காரர் தொலைபேசியை எடுக்கவே இல்லை. ஆகவே வீடு பெண்மணிக்குப் போயிற்று. ஒப்பந்தத்தில் வழக்கமான முன்பணத்தோடு, இரண்டு மாதம் தொடர்ந்து வேலை வராவிட்டால் வாடகைத் தேதிக்கு முன்பே எனக்குத் தெரிவிக்க வேண்டும், அந்த மாத வாடகையில் பாதியை முன்பணத்திலிருந்து எடுத்துக்கொண்டு பிறகு அவர் நிரப்பித் தர வேண்டும் என்ற ஒரு விதியைச் சேர்த்தோம். அந்த யோசனை அவருடையது. நான்கைந்து மாதம் வேலையே வராமல் போனால் என்ன என்ற கேள்விக்கு அவரிடமும் விடையில்லை, என்னிடமும் இல்லை. அதைத் தெரிந்துகொண்டுதான் இருவரும் கையெழுத்துப் போட்டோம்.

இந்தத் தொழிலில் கற்றுக்கொள்வது கடினமாக இருப்பதற்கு ஒரு காரணம், நாம் அனுப்பிவிட்டவர்கள் பிறகு எப்படி இருந்தார்கள் என்பது நமக்குத் தெரியாமலே போய்விடுவது. தேர்ந்தெடுத்தவர் மோசமானால் ஊருக்கே தெரியும். தள்ளிவிட்ட பத்துப் பேரும் வேறு வீடுகளில் ஒழுங்காக வாடகை கொடுத்துக்கொண்டிருந்தால் அந்தச் செய்தி நம் காதுக்கு வராது, கறாராக இருந்ததால்தான் தப்பித்தோம் என்று நினைத்துக்கொள்வோம். அதனால் மறுக்கும்போது காரணத்தைச் சொல்லிவிடுவது என்று வைத்திருக்கிறேன். எதிராளி சொல்லும் பதிலில் சில நேரம் ஏதாவது கிடைக்கும். ஒப்பந்தம் கையெழுத்தான அன்றே மற்ற இருவரையும் அழைத்தேன், அடையாள அட்டை, வங்கி அறிக்கை ஆகியவற்றின் நகல்களைக் கிழித்துவிடுவதாகச் சொன்னேன், அப்படியே செய்தேன். முதலாமவர் கோபத்தோடு தொலைபேசியை வைத்துவிட்டார். மூன்றாமவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, “ஜாமீனுக்கு என் தம்பி கையெழுத்துப் போட்டிருந்தால் ஒத்துக்கொண்டிருப்பீர்களா, சார்?” என்றார். ஒத்துக்கொண்டிருப்பேன் என்றேன். “அதை நீங்கள் விளம்பரத்திலேயே போட்டிருந்தால் முதல் நாளே அவனையும் கூட்டிக்கொண்டு வந்திருப்பேனே” என்றார். அடுத்த முறைக்காக வைத்திருக்கும் விளம்பர வாசகத்தில் இப்போது அந்த வரி இருக்கிறது: வருமானமோ வாடகை வரலாறோ போதாதவர்கள் ஜாமீன் தருபவரோடு வரலாம்.